மௌனப்படக் காமெடியனுக்கு ரேடியோ கொடுத்த ஹிட்

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வரல. வீட்ல யாரும் எழுந்துடக் கூடாதேன்னு போன்ல சத்தத்தை நிறுத்திட்டு ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சின்ன உருவமா ஒரு ஆள். ரெண்டு காலையும் விரிச்சு அப்படியே தரையோட தரையா உட்கார்றார். அடுத்த நொடி, கையை ஊன்றாமலே எழுந்து நிக்கிறார்! சத்தம் வச்சுக் கேட்கலாமான்னு யோசிச்சப்பதான் உறைச்சது, இது மௌனப்படம்.

அவர் பேர் லூப்பினோ லேன். இங்கிலாந்துக்காரர். இந்த எபிசோடுக்கு அவரை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. உடம்பை வைத்தே சிரிக்க வைத்த இவருடைய மிகப் பெரிய ஹிட்டுக்குக் கை கொடுத்தது, உடம்பே தெரியாத ரேடியோ.

முதல்ல குடும்பத்தைப் பார்ப்போம். 1892-ல் லண்டனில் பிறந்தார். சொந்தப் பெயர் ஹென்றி ஜார்ஜ் லூப்பினோ. லூப்பினோ குடும்பம் பல தலைமுறையாக மேடையில் இருந்தது. நடனம், குட்டிக்கரணம், மேடைத் தரையில் இருக்கும் ரகசியக் கதவு வழியாகத் திடீரென்று எகிறிக் குதிப்பது, எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். ‘லேன்’ என்ற பெயர் வந்தது, ஹாக்ஸ்டன் பகுதியில் பிரிட்டானியா தியேட்டரை நடத்திய உறவுக்காரப் பாட்டி சாரா லேனிடமிருந்து. பின்னாளில் ஹாலிவுட்டில் இயக்குநராகப் பெயர் வாங்கிய ஐடா லூப்பினோவும் இந்தக் குடும்பம்தான்.

1920-களில் லேன் ஹாலிவுட் போனார். எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனிக்காக நிறைய குறும்படங்கள் நடித்தார். பேரைப் பார்த்துப் பாடம் எடுக்கற படம்னு நினைச்சுடாதீங்க, எல்லாம் காமெடி! 1929-ல் வந்த ‘ஒன்லி மீ’ படத்தில் எல்லா வேடத்திலும் அவரே. மேடையில் ஆடுறவரும் அவர்தான், கீழே உட்கார்ந்து பார்க்கிறவரும் அவர்தான். 1921-லேயே ‘தி பிளேஹவுஸ்’ படத்தில் பஸ்டர் கீட்டன் இந்த மாதிரி பல வேடத்தில் வந்து அசத்தியிருந்தார்.

இவ்வளவு திறமை இருந்தும் சாப்ளின், கீட்டன் வரிசையில் ஏன் இவர் பேர் வரல? என் கருத்தைச் சொல்றேன். சாப்ளினைப் பார்க்கும்போது, இந்த மனுஷன் இன்னிக்கு சாப்பிட்டாரா இல்லையான்னு நமக்குக் கவலை வரும். லேனைப் பார்க்கும்போது ‘செம’ன்னு கைதட்டுவோம், ஆனா கவலைப்பட மாட்டோம். வித்தை இருந்தது. மனசுல ஒட்டிக்கிற ஒரு ஆள் இல்லை.

பேசும் படம் வந்து அவரை ஒழிச்சுடலைங்கறதையும் சொல்லணும். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1929-ல் எடுத்த ‘தி லவ் பரேட்’ என்ற இசைப் படத்தில் வேலைக்காரனாக வந்து பாடி, ஆடி நடித்தார். அதன் பிறகு இங்கிலாந்து திரும்பி, மேடையில் அந்த ஆளைக் கண்டுபிடித்தார். பேரு பில் ஸ்னிப்சன், லண்டன் தெருவுல வளர்ந்த வாயாடி. 1935-ல் ‘ட்வென்டி டு ஒன்’ நாடகத்தில் முதலில் வந்தான். மக்களுக்குப் பிடிச்சுப்போச்சு.

1937 டிசம்பரில், விக்டோரியா பேலஸ் தியேட்டரில் ‘மீ அண்ட் மை கேர்ள்’. நோயல் கேயின் இசை. லாம்பெத் பகுதியைச் சேர்ந்த பில்லுக்குத் திடீரென்று ஒரு பிரபுப் பட்டமும் சொத்தும் வருகிறது. ஆனால் காதலி சாலியை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் பணக்காரச் சொந்தங்கள். இப்ப அவர் விழுந்து புரண்டா வெறும் வித்தை இல்லை. பிரபுவோட நீள அங்கி காலைத் தடுக்குதுன்னா, அந்த வாழ்க்கையே அவனுக்குப் பொருந்தலைன்னு நமக்குப் புரியுது.

ஆனா ஆரம்பத்துல டிக்கெட் பெரிசாப் போகலை. 1938 ஜனவரியில் பிபிசி ரேடியோ அந்த நாடகத்தை தியேட்டரிலிருந்தே நேரலையாக ஒலிபரப்பியது. அதிலிருந்த ‘லாம்பெத் வாக்’ பாட்டு நாடெங்கும் பற்றிக்கொண்டது. வீட்டில் கேட்டவர்களுக்கு அவர் விழுவது தெரியாது, அரங்கம் சிரிப்பது மட்டும் கேட்கும். அதைப் பார்க்க தியேட்டருக்கு வந்தார்கள். மொத்தம் 1,646 காட்சிகள்! போர்க்காலத்தில், நாஜிப் படை அணிவகுப்புக் காட்சிகளை வெட்டி ஒட்டி, அவர்கள் இந்தப் பாட்டுக்கு ஆடுவது போல ஒரு கிண்டல் படமே பிரிட்டன் தரப்பில் எடுத்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு லேன் செய்தது என்னை உலுக்கிடுச்சு. போர் முடிந்ததும், குண்டுவீச்சில் அடிபட்டு மூடிக் கிடந்த கெய்ட்டி தியேட்டரை வாங்கினார். இசை நாடகத்துக்குப் பேர்போன இடம் அது. திரும்பத் திறக்கணும்னு ஆசை. முடியல. பழுது பார்க்கும் செலவு தாங்காமல் விற்றார். பின்னர் அதை இடித்துவிட்டார்கள். 1959-ல் லேன் காலமானார்.

பில் மட்டும் சாகலை. 1985-ல் ராபர்ட் லிண்ட்சே நடிக்க, ஸ்டீபன் ஃப்ரை திருத்தி எழுதிய வடிவம் லண்டனில் பல வருஷம் ஓடியது.

இன்னிக்கு ராத்திரி ‘ஒன்லி மீ’ தேடிப் பாருங்க. இருபது நிமிஷம்கூட ஆகாது. பார்த்துட்டு, நான் சாப்ளினைப் பத்திச் சொன்னது சரியா தப்பான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.