ஆட்சேபம் எழுதிய பிள்ளைகள்

மழை பெய்து ஓய்ந்த காலைகளில் பெங்களூரின் யெமலூர் வழியாக வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும். பெல்லந்தூர் ஏரித் தண்ணீர் வெளியேறும் கால்வாயில் வெண்ணுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி நிற்கும். காற்றடித்தால் பஞ்சுப் பொதி போலப் பிய்ந்து வந்து ஸ்கூட்டர் ஓட்டுபவரின் முகத்தில் அப்பும். சாலையோரம் வலை கட்டித்தான் அதைத் தடுத்தார்கள். 2018 ஜனவரியில் அந்த ஏரியில் மண்டிக் கிடந்த புல்லும் குப்பையும் தீப்பற்றியபோது அணைப்பதற்கு ராணுவமே வர வேண்டியிருந்தது.

ஏரி எரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு கல்லூரி வாசலைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

ஸ்வீடனில் கிரேட்டா துன்பர்க் என்ற பள்ளி மாணவி 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஓர் அட்டையோடு தனியாக உட்கார்ந்ததில் தொடங்கியது 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர்' இயக்கம். 2019ல் அதற்குப் பெங்களூரில் ஒரு கிளை முளைத்தது. தொடங்கியவர்களில் ஒருவர் மவுண்ட் கார்மல் கல்லூரியில் படித்த திஷா ரவி. தாத்தாவும் பாட்டியும் விவசாயிகள் என்றும், தண்ணீர் இல்லாமல் அவர்கள் பட்ட பாடே தன்னை இந்தப் பக்கம் இழுத்தது என்றும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த இளைஞர்கள் ஏரிக்கரையில் குப்பை பொறுக்கினார்கள், மரம் நட்டார்கள். அதுவரை யாருக்கும் அவர்களால் தொந்தரவு இல்லை. ஏரியைச் சுத்தம் செய்யும் மாணவரை எல்லோரும் பாராட்டுவார்கள். சாக்கடை ஏரிக்குள் எப்படி வந்தது, அதை அனுமதித்தது யார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் முகங்கள் மாறும்.

இந்த ஊரில் அப்படிக் கேட்பதற்குக் கல்லூரிக்குள் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் இறுதியிலிருந்து கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் கிடையாது. ஆகவே பொதுக் காரியத்தில் ஆர்வம் உள்ள மாணவர்கள் நகரத்து மக்களோடு சேர்ந்துதான் அதைக் கற்றார்கள். 2016 அக்டோபர் 16 அன்று, பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை அரசு கட்டவிருந்த எஃகு மேம்பாலத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா' (வேண்டாம்) என்பதே முழக்கம். 800க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட இருந்தன. 2017 மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மாணவர் போராட்டம் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு 1965ன் இந்தி எதிர்ப்பு வீதிகளும் 2017ன் ஜல்லிக்கட்டு மெரினாவும்தான் கண்முன் வரும். 2020ல் பெங்களூர் மாணவர்கள் எதிர்கொண்ட சூழல் வேறு. வீதியே மூடிக் கிடந்தது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தயாரித்த 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2020'ன் வரைவில் இருக்கும் தேதி மார்ச் 23. மறுநாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 11ல் அரசிதழில் வரைவு வெளியானது. எண்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். ஆட்சேபம் இருந்தால் 60 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அந்த 60 நாளில் பெரும்பகுதி மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அணை, சுரங்கம், ரசாயன ஆலை, நெடுஞ்சாலை போன்றவற்றைத் தொடங்கும் முன் அதனால் நிலத்துக்கும் நீருக்கும் மக்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீடு. 1984ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994லும் 2006லும் வந்த அறிவிக்கைகள்தான் இந்த நடைமுறையை அமைத்தன. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் மேடையில் அமர, எதிரே மீனவரும் விவசாயியும் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நாம் அறிவோம். ஓர் ஏழைக் குடிமகன் ஒரு பெருந்திட்டத்தைக் கேள்வி கேட்க அரசே அழைக்கும் அரிய இடங்களில் ஒன்று அது.

புதிய வரைவு அந்த இடத்தைச் சுருக்கியது. கூட்டத்துக்கான அறிவிப்புக்கும் கருத்துச் சொல்வதற்கும் இருந்த 30 நாள் 20 நாளாகக் குறைந்தது. அனுமதி வாங்காமலேயே வேலையைத் தொடங்கிவிட்ட நிறுவனம், அபராதம் கட்டிப் பின்தேதி அனுமதி பெற வழி திறந்தது. விதிமீறலை அந்த நிறுவனமோ அரசுத் துறைகளோ தெரிவிக்கலாம். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் புகாருக்கு அதில் இடமில்லை.

பத்து நாள் குறைவதில் என்ன வந்துவிடும் என்று நகரத்தில் இருப்பவருக்குத் தோன்றலாம். கிராமத்திலிருந்து பார்க்க வேண்டும். அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் வரும். டீக்கடையில் யாரோ படித்துச் சொல்லி, சேதி தோட்டத்துக்கு வந்துசேரவே சில நாளாகும். முழு அறிக்கை மாவட்டத் தலைநகரில் இருக்கும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அறிக்கை சில நூறு பக்கம், ஆங்கிலத்தில். அதில் தன் கிணற்று நீரைப் பற்றிய பகுதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டவும், படித்துப் பொருள் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். படித்த பிறகு ஊரைக் கூட்டிப் பேச வேண்டும். முப்பது நாளே போதாத வேலை இது.

ஆட்சேபக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2020 மே 7 விடிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் அந்த ஆலை ஆண்டுக்கணக்கில் இயங்கியது தெரியவந்தது. பின்தேதி அனுமதி என்றால் என்ன பொருள் என்பதை விளக்க அதற்குப் பிறகு மாணவர்கள் வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

விடுதிகள் காலியாகி, ஆளுக்கொரு ஊரில் இருந்த மாணவர்கள் போனிலும் வீடியோ அழைப்பிலும் வரைவைப் பிரித்துப் படித்தார்கள். பழைய விதி இது, புதிய விதி இது என்று அருகருகே வைத்துப் படங்களாக்கி இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப மாதிரிக் கடிதம் தயாரித்தார்கள். நாடெங்கும் தன்னார்வலர்கள் வரைவைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு அந்த வேலையைச் செய்தது. நடிகர் கார்த்தி வரைவை எதிர்த்து அறிக்கை விட்டபோது தமிழ்நாட்டில் பேச்சு வீடுவரை வந்தது.

மொழிபெயர்ப்பு இந்தப் போராட்டத்தின் ஓரத்து வேலையாக இருக்கவில்லை, அதன் உயிர்நாடியே அதுதான். தன் நிலத்தைத் தொடும் சட்டத்தைத் தன் மொழியில் படிக்க முடியாதவரிடம் 'ஆட்சேபம் உண்டா' என்று கேட்பது கேட்டதாகவே ஆகாது. இதை நீதிமன்றமும் ஏற்றது. ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததோடு, வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. அதை ஏற்காமல் மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்டில் பெங்களூரின் 'யுனைடெட் கன்சர்வேஷன் மூவ்மென்ட்' தொடுத்த வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் இறுதி அறிவிக்கையை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. விசாரித்தது தலைமை நீதிபதி அபய் ஓகா இருந்த அமர்வு.

இதற்கிடையே ஜூலையில் ஒரு நாள் ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சரின் இந்தியத் தளம் திறக்கவில்லை. அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் அஞ்சல் பெட்டியில் 'இஐஏ 2020' (வரைவின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) என்ற தலைப்பில் மின்னஞ்சல்கள் குவிகின்றன என்று புகார். டெல்லி போலீசார் தளத்தை முடக்கக் கோரிய கடிதத்தில் பயங்கரவாதத் தடுப்புக்கான யுஏபிஏ சட்டப் பிரிவைக் குறிப்பிட்டிருந்தார்கள். பின்னர் அது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. தளம் சில நாளில் திரும்பியது. அரசே கேட்ட ஆட்சேபத்தை, அரசு சொன்ன முறையில் எழுதி அனுப்பிய பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சில நாள் எப்படி இருந்திருக்கும்? இதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கெடு முடிந்தபோது அமைச்சகத்துக்கு வந்திருந்த கருத்துகள் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தன.

ஆறு மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 13ல், திஷா ரவி பெங்களூர் வீட்டிலிருந்து டெல்லி போலீசாரால் கைது செய்யப்பட்டார். விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவு திரட்டும் 'டூல்கிட்' ஆவணம் ஒன்றைத் திருத்திப் பகிர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. தேசத்துரோகப் பிரிவும் சேர்க்கப்பட்டது. பிப்ரவரி 23ல் கூடுதல் அமர்வு நீதிபதி தர்மேந்தர் ராணா ஜாமீன் வழங்கினார். சான்றுகள் அரைகுறையானவை என்றும், அரசின் கொள்கையோடு உடன்படவில்லை என்பதற்காக மட்டும் குடிமக்களைச் சிறையில் வைக்க முடியாது என்றும் அவர் எழுதினார்.

2020 வரைவு முழு அறிவிக்கையாக வெளிவரவே இல்லை. இதை மாணவர்களின் வெற்றி என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும். வரைவில் இருந்த சில தளர்வுகள் அலுவலகக் குறிப்பாணைகளாகத் துண்டு துண்டாக வந்தன. பின்தேதி அனுமதிக்கு 2021 ஜூலையில் ஒரு குறிப்பாணை வழிகாட்டியது. 2025 மே 16ல் வனசக்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், கர்நாடகத்தில் வரைவு வழக்கை விசாரித்த அதே அபய் ஓகா. அவர் ஓய்வு பெற்ற பிறகு, நவம்பர் 18ல் வேறொரு அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வரைவைப் படித்த பிள்ளைகள் இப்போது குறிப்பாணைகளையும் தீர்ப்புகளையும் படிக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்கும் வேலை தீரவில்லை. எஃகு மேம்பாலம் போய்ச் சேரவிருந்த அதே ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை, சுமார் 17 கிலோமீட்டருக்குச் சுரங்கச் சாலை தோண்டும் திட்டம் 2025ல் சூடு பிடித்தது. அதற்காக லால்பாகின் ஒரு பகுதியையும் எடுப்பதாக இருந்தது. காலை நடைக்கு வருவோர் ஏறி நிற்கும் அந்தத் தோட்டத்துப் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அதன் அருகே துளையிட்டால் என்ன ஆகும், மதிப்பீட்டு அறிக்கை எங்கே, அது கன்னடத்தில் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்குகிற முதலாண்டு மாணவருக்கு, அந்தக் கேள்விகளை எப்படி எழுதி யாருக்கு அனுப்புவது என்று சொல்லித்தர ஐந்தாண்டு மூத்த அக்காக்களும் அண்ணன்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.