பழைய பிராசசர், புதிய விண்டோஸ்: முடியாததா, அனுமதிக்காததா?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. வீட்டிலும் அலுவலகத்திலும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்களில் "இந்த பிராசசர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதல்ல" என்ற அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்தவர்களில் பலர், இயந்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு செய்திகள் கலந்திருக்கின்றன. இந்தச் சிப்பால் இந்த இயங்குதளத்தை ஓட்டவே முடியாது என்பது ஒன்று. ஓட்ட முடிந்தாலும் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகே பழைய கம்ப்யூட்டரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

முதல் வகைத் தடை சிலிக்கானிலேயே இருக்கிறது. ஒரு பிராசசருக்கு எந்தெந்தக் கட்டளைகள் புரியும் என்பது அதைத் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 'பாப்கவுன்ட்' என்ற கட்டளையைப் பாருங்கள். ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதே அதன் வேலை. 13 என்பது இரும முறையில் 1101, விடை 3. இந்தக் கட்டளையும் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பும் இன்டெல் சிப்களில் 2008-இல்தான் வந்தன. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இவை இல்லாத சிப்பில் பூட் ஆகவே ஆகாது. ஆகவே அதற்கு முந்தைய வடிவமைப்பான கோர் 2 டுவோ வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு உண்மையிலேயே மூடிவிட்டது. இதில் வாதாட ஒன்றுமில்லை. தனக்கு எது தெரியும் என்பதை பிராசசரே சொல்லிவிடும்: 'சிபியு-ஐடி' என்ற கட்டளையைக் கொடுத்தால் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதன் 20-ஆவது பிட் 1 என்றால் எஸ்எஸ்இ 4.2 உண்டு, 23-ஆவது பிட் 1 என்றால் பாப்கவுன்ட் உண்டு.

இரண்டாம் வகைத் தடை பட்டியலில் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலும்தான் தொடங்குகிறது. ஐ5-8250யு அதில் உண்டு, ஐ5-7200யு இல்லை. முன்னதில் நான்கு கோர், பின்னதில் இரண்டு. ஆனால் கோரின் அடிப்படை வடிவமைப்பு ஒன்றே, புரியும் கட்டளைகளும் அவையே. குறைந்தபட்சம் இரண்டு கோர் போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கும்போது, ஏழாம் தலைமுறையை வெளியே நிறுத்துவது அதன் திறன் அல்ல, கொள்கை முடிவுதான்.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கோடு என்பது வலுவான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் முறையற்ற நிரல் நுழையாமல் காக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' வசதிக்கு பிராசசரின் துணை இருந்தால் வேகம் அதிகம் குறையாது. இல்லாவிட்டால் அதே வேலையை மென்பொருளால் செய்ய வேண்டியிருப்பதால் கம்ப்யூட்டர் மந்தமாகும். ஆனால் அந்தத் துணை இன்டெலின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது; அந்தத் தலைமுறையோ பட்டியலுக்கு வெளியே. ஏஎம்டியில் அது ஜென் 2 வடிவமைப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஜென் பிளஸ்ஸில் உருவான ரைசன் 2000 சிப்களோ பட்டியலுக்குள்ளே. சொல்லப்படும் காரணமும் போடப்பட்ட கோடும் இங்கே பொருந்தவில்லை. இன்னொரு மறுப்பு நம்பகத்தன்மை பற்றியது. குறைந்தபட்சத் தகுதி இல்லாத கம்ப்யூட்டர்களில் கெர்னல் கிராஷ் 52 சதவீதம் அதிகம் என்று 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் கூறியது. அது தகுதியற்றவை அனைத்தையும் சேர்த்துச் சொன்ன எண். பழுதில்லாத ஏழாம் தலைமுறை லேப்டாப் ஒன்றைப் பற்றி அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. பழைய சிப்கள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் செலவாகும் என்பது நியாயம்தான். அப்படியானால் அதைக் காரணமாகச் சொல்லலாமே. 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ஐப் பாருங்கள். அதுவும் பழைய சிப்களைக் கைவிடுகிறது. ஆனால் ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட இன்னின்ன கட்டளைகள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. யாரும் சரிபார்க்கக்கூடிய அளவுகோல் அது.

எனவே கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் பிராசசரின் முழுப் பெயரைப் பார்த்து, மைக்ரோசாஃப்ட் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஐ5, ஐ7 என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பின்னால் வரும் எண்தான் தலைமுறையைக் காட்டும். பட்டியலில் பெயர் இருந்தும் தகுதியில்லை என்று வந்தால், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0 அல்லது செக்யூர் பூட் பயாஸில் அணைந்திருக்கலாம். இன்டெல் போர்டுகளில் டிபிஎம் 'பிடிடி' என்றும் ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். பட்டியலில் இல்லாத, ஆனால் பாப்கவுன்டும் எஸ்எஸ்இ 4.2-உம் உள்ள சிப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியும். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் கேட்கும் உரிமை கிடையாது என்று 2021-லேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. வங்கிக் கணக்கைப் பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதில் டெபியன் லினக்ஸை ஏற்றலாம். அதன் 64 பிட் பதிப்பு கோர் 2 டுவோவிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட்களும் தவறாமல் வரும்.