கண்பாவை விரிப்பான்

கண்பாவை விரிப்பான் என்பது கண்புரை அறுவையின்போது, சொட்டு மருந்துக்கும் விரியாத கண்பாவையை விரித்து நிறுத்தும் சிறு கருவி ஆகும்.

கண்பாவை சிறுத்திருந்தால் புரையின் ஓரம் தெரியாது. லென்ஸ் உறை கிழியக்கூடும். முதுமை, நீரிழிவு, பிராஸ்டேட் வீக்கத்திற்கு உண்ணும் டாம்சுலோசின் முதலியவை இதற்குக் காரணங்கள். அம்மருந்தை நிறுத்திய பின்னும் விளைவு நீடிக்கலாம். எனவே முன்பு உண்டவரும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

முதலில் கண்ணுள் ஜெல் செலுத்தப்படும். பின்னர் கார்னியா ஓரத்துளைகள் வழியே நான்கு கொக்கிகளால் ஐரிசின் விளிம்பை இழுப்பர். அல்லது ரஷ்ய மருத்துவர் போரிஸ் மல்யூகின் உருவாக்கிய வளையத்தைப் பொருத்துவர். அதன் நான்கு சுருள்கள் விளிம்பைக் கவ்வி, 6.25 அல்லது 7 மி.மீ. வரை விரிக்கும். புதிய லென்ஸ் வைத்தபின் கருவி அகற்றப்படும்.

தூத்துக்குடி மாவட்டம் வடமலாபுரத்தில் பிறந்த கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையை ஏழைகளுக்கும் எட்டச் செய்தது.