கல்லூரிக் கணினியில் உங்கள் கணக்கு எண்

அரசுக் கல்லூரியில் சேரும் மாணவர் நிரப்பித் தரும் படிவத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், கைப்பேசி எண், பெற்றோரின் வருமானம், உதவித்தொகை வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கின் எண். புதிய கணக்குத் தொடங்க வருவோரிடம் நாங்கள் கேட்டுப் பெறும் விவரங்களுக்கு இவை குறைந்தவை அல்ல. ஆயினும் எங்கள் கணினிகளைக் காக்க ரிசர்வ் வங்கியின் விதிகளும் தணிக்கைகளும் உள்ளன. கல்லூரியிலோ அப்பொறுப்பு பல நேரங்களில், வகுப்பும் எடுத்து ஆய்வகத்தையும் கவனிக்கும் ஓர் ஆசிரியரின் தோளில் விழுகிறது.

பல்கலைக்கழகம் இயல்பிலேயே திறந்த வீடு. ஆண்டுதோறும் பலர் வருகின்றனர், பலர் வெளியேறுகின்றனர். படிப்பை முடித்தவரின் மின்னஞ்சலும் பணி முடிந்த கௌரவ விரிவுரையாளரின் கடவுச்சொல்லும் உயிருடனேயே கிடக்கின்றன. விடுதியின் வைஃபையும் தேர்வுப் பிரிவின் சர்வரும் ஒரே வலையமைப்பில் இருந்தால், ஒரு மாணவரின் மடிக்கணினியில் நுழைந்த தீநிரல் மதிப்பெண் பட்டியல் வரை நடந்து செல்லும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2022 நவம்பர் 23 அன்று, மருத்துவமனையாகவும் கல்வி நிறுவனமாகவும் விளங்கும் டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு முதல் அனைத்தும் காகிதத்துக்குத் திரும்பின; பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் ஆயின. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரில் இருந்த படியே மருத்துவமனைத் தரவை மீட்டுத் தந்தது. விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் இவ்விரண்டு செய்திகளே கல்லூரி நிர்வாகங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

சட்டமும் காத்திருப்பதில்லை. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசு அமைப்புகளும் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் பேண வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காப்பின்றித் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வகை செய்கிறது. ஞாயிறு இரவில் சர்வரை நிறுத்த ஆணையிடும் அதிகாரம் யாருக்கு, பதிவாளருக்கா, துணைவேந்தருக்கா? தேர்வு மென்பொருளை நடத்தும் ஒப்பந்ததாரர் யாரிடம் தெரிவிக்க வேண்டும்? காப்புப் படியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தது கடைசியாக எப்போது? இவற்றுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்காத நிறுவனத்துக்கு, யாரை அழைப்பது என்று தேடுவதிலேயே அந்த ஆறு மணி நேரமும் கரைந்துவிடும்.

கசிந்த தரவு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகவே வீடு வந்து சேர்கிறது. மாணவரின் பதிவெண், துறை, கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைப் பிழையின்றிச் சொல்லி, “உதவித்தொகை வந்துள்ளது, ஓடிபியைச் சொல்லுங்கள்” என்பார்கள். இங்கேதான் வாடிக்கையாளரின் நிலை மாறுகிறது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போனால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தாலோ, வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். கசியவிட்டது கல்லூரியாக இருப்பினும் அப்படித்தான்.

கட்டணம் செலுத்தும்போது முகவரியைப் பாருங்கள். ‘ஏசி டாட் இன்’ என முடியும் முகவரிகளைக் கல்வி நிறுவனங்களுக்கு எர்நெட் இந்தியா வழங்குகிறது. அந்த முகவரியும் ஊடுருவப்படலாம் என்பதால், தனிநபர் பெயரிலுள்ள யுபிஐ கணக்குக்குக் கட்டணம் கேட்டால் அலுவலகத்தில் நேரில் விசாரித்த பின்னரே செலுத்துங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். எங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். கல்லூரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதே வகுப்பின் பிற மாணவர்களுக்கும் அழைப்பு வருவதற்குள் நிர்வாகம் எச்சரிக்க இயலும்.