ராக்கெட்டுக்கு வழிவிட்ட கோயில்

திருப்பலி நடந்த இடத்தில் இப்போது ராக்கெட் மாதிரிகள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், பள்ளித்துறை மீனவர்கள் மண்டியிட்ட புனித மகதலேனா மரியாள் கோயில் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

1960களின் தொடக்கத்தில் ஏவுதளத்துக்கு இடம் தேடிய விக்ரம் சாராபாய்க்கு இந்தக் கரை பிடித்துப்போகக் காரணம், அருகே ஓடும் பூமியின் காந்த நடுக்கோடு. அதற்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் பாயும் மின்னோட்டத்தை பலூன் எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறக்காது. ராக்கெட்தான் வழி.

சிக்கல், அங்கே ஓர் ஊர் இருந்தது. 16-ம் நூற்றாண்டில் சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்த கடற்கரை அது. குடிசையை வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பெயரிட்ட, பெரியவர்களை வழியனுப்பிய கோயிலை? ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் எடுத்துச் சொன்னார். சம்மதித்தார்கள். ஊர் இடம்பெயர்ந்தது, பங்குக்குப் புதுக் கோயில் எழுந்தது.

பழைய கோயில் ஆய்வுக்கூடமானது. ஆயர் இல்லம் அலுவலகமானது. 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து சீறியது. அந்தக் குழுவில் ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாமும் இருந்தார். 1968-ல் பிரதமர் இந்திரா காந்தி ஏவுதளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார்.

விஞ்ஞானிகளின் பெயர்களைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. கரையைப் பிழைப்பாகக் கொண்டிருந்தும் அதை விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. இடிக்கப்படாமல் நிற்கும் அந்தச் சுவர்கள்தான் அவர்களுக்குச் சாட்சி.