மக்கள் பிரதிநிதியும் வாக்காளர் விருப்பமும்

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அவையில் வாக்களிக்கும்போது தொகுதி மக்கள் சொன்னபடி நடக்க வேண்டுமா, தம் அறிவுக்குச் சரி என்று பட்டபடி நடக்க வேண்டுமா என்பது அரசியல் அறிவியலின் பழைய வினா. முதல் கருத்துப்படி அவர் பேராளர். சொல்லி அனுப்பியதைப் போய்ச் சொல்பவர். இரண்டாவதின்படி அவர் பொறுப்பாளர். ஒப்படைத்த காரியத்தைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்பவர்.

பொறுப்பாளர் கருத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று எட்மண்ட் பர்க். 1774-இல் இங்கிலாந்தின் துறைமுக நகரான பிரிஸ்டலில் இருவர் தேர்வாயினர். மற்றவரான ஹென்றி குரூகர் வாக்காளர்களின் கட்டளைப்படி நடப்பதாகக் கூறினார். பர்க் அதே மேடையில் மறுத்தார். விவாதத்தைக் கேட்காதவர்கள் தொலைவிலிருந்து முடிவு செய்துவிட்டால், கேட்டவர்கள் அவையில் கூடி ஆராய்வது எதற்கு என்பது அவர் வாதத்தின் சாரம்.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. பிறகு நடந்ததுதான் முக்கியம். 1778-இல் அயர்லாந்தின் வணிகத்தின் மீதிருந்த தடைகளைத் தளர்த்த மசோதாக்கள் வந்தன. போட்டிக்கு அஞ்சிய பிரிஸ்டல் வணிகர்கள் எதிர்த்தார்கள்; டப்ளினில் பிறந்த பர்க் ஆதரித்தார். கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தரும் சட்டத்தையும் ஆதரித்தார். 1780 தேர்தலில் வெல்ல முடியாது என்று கண்டு பிரிஸ்டலில் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் ராக்கிங்காம் பிரபுவின் செல்வாக்கில் இருந்த மால்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். வாக்காளரின் கட்டளையை ஏற்காதவருக்கு இடம் கொடுத்தவர் ஒரு பிரபு என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் சில நாடுகள் இக்கருத்தைச் சட்டமாகவே எழுதின. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 38-ஆவது பிரிவின்படி உறுப்பினர் எவருடைய கட்டளைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். தம் மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். பிரான்சின் அரசமைப்பும் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் ஆணை செல்லாது என்கிறது.

வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவன், “எங்க ஊர் எம்.எல்.ஏ. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேப்பாரா சார்?” என்றான். கேட்டாலும் பயன் குறைவு என்பதே சரியான பதில். 1985-இல் 52-ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. முன் அனுமதி பெறாமல் கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் இது பொருந்தும். சுயேச்சைகளுக்குக் கொறடா இல்லை.

பதவிக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் ஆட்சியைக் கவிழ்க்காத சாதாரண மசோதாவிலும் இது உறுப்பினரைக் கட்டுகிறது. தொகுதியைப் பாதிக்கும் ஒரு மசோதாவில் மக்கள் விருப்பமும் உறுப்பினரின் அறிவும் ஒன்றாகவே இருந்தாலும், கொறடா வேறு சொன்னால் இரண்டும் தோற்கும். இது மிகை என்பதே என் கருத்து. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் தகுதிநீக்கம் போதும் என்று 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணையை ஏற்றாலும், ஆணைகளை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் அளவோடு நிறுத்த வேண்டும் என்றது. சட்டத்தின் வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா ஆணை இல்லை. உறுப்பினர் தம் விருப்பப்படி வாக்களிக்கலாம். ஆனால் அது இரகசிய வாக்கு. அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது தொகுதி மக்களுக்குத் தெரியாது.