கொச்சி படகுக்குள்ளே ஒரு திருட்டுப் பார்வை!

கொச்சி ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ படகு வந்து ஒட்டி நிற்கிறது. ஏறுகிற எல்லோர் கண்ணும் ஏசி மீதும் பெரிய கண்ணாடி ஜன்னல் மீதும்தான். பாதிப்பேர் செல்ஃபிக்குத் தயாராகிவிட்டார்கள். காலுக்குக் கீழே ஒருத்தராவது குனிந்து பார்க்க வேண்டுமே, ம்ஹும்! பரவாயில்லை, நாம் பார்ப்போம்.

நாம் நிற்கிற மேடையே மிதக்கிறது, தெரியுமா? கொச்சிக் காயல் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரைக்கும். பழைய ஜெட்டிகள் கல்லும் சிமென்ட்டுமாக அசையாமல் நிற்பவை. வற்றம் நேரத்தில் படகு பள்ளத்தில் கிடக்கும். ஒரு கையில் சேலைக் கொசுவம், இன்னொரு கை படகுக்காரர் பிடியில் என்று பாட்டிமார் இறங்குவதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு பதறும். இங்கே அந்தக் கூத்தே கிடையாது. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். படகின் தரையும் மேடையும் எந்நேரமும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம், யாரும் தூக்கிவிட வேண்டாம். 1,100 கோடி ரூபாயைத் தாண்டிய திட்டத்தில் என் ஓட்டு இந்த மிதவைக்குத்தான். விளம்பரப் படங்களில் இதற்கு இடமே கிடைப்பதில்லை, பாவம்.

சரி, உள்ளே வாங்க. டீசல் நாற்றம் அடிக்கிறதா? இல்லை. தடதட சத்தம்? அதுவும் இல்லை. கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே பிறந்த அலுமினியப் படகு இது. அடியில் இரண்டு ஒல்லி உடல்கள், நடுவே தண்ணீர். அதனால் பின்னால் எழும்பும் அலை குறைவு. குறுகலான வாய்க்கால்களில் கரையைப் போட்டு அடிக்காது. மோட்டாருக்குச் சக்தி லித்தியம் டைட்டனேட் பேட்டரியிலிருந்து வருகிறது. இந்த வகை விலை கூட, எடையும் கூட. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும், ஆயுளும் கெட்டி. பயணிகள் ஏறி இறங்குகிற இடைவெளியிலேயே படகும் சாப்பிட்டு முடித்துவிடுகிறது!

கிட்ட வாங்க, ஒரு ரகசியம். உள்ளே ஒரு டீசல் ஜெனரேட்டரும் பதுங்கியிருக்கிறது. நடுக்காயலில் பேட்டரி கைவிட்டால் ஆபத்துக்கு உதவ. ‘மின்சாரப் படகு’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால்தான் என்ன? நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற படகுக்கு மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம்.

நூறு என்றால் நூறேதான், ஐம்பது பேருக்கு இருக்கை. “ஒருத்தர்தானே சேட்டா, ஏத்திக்கோங்க” என்பதெல்லாம் இங்கே செல்லாது. படகோட்டியின் அறையில் ரேடாரும், வெப்பத்தை வைத்து உருவத்தைக் காட்டும் கேமராவும் இருக்கின்றன. இருட்டில் விளக்கில்லாமல் குறுக்கே வரும் வள்ளத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார விட்டால் சொத்தை எழுதி வைப்பேன்!

2023 ஏப்ரலில் ஹைகோர்ட் – வைப்பின் தடத்தில் ஓட்டம் தொடங்கியது. மறுநாளே வைற்றிலா – காக்கநாடு. இந்த இரண்டாவதுதான் கில்லாடி. வைற்றிலாவில் பேருந்து, மெட்ரோ ரயில், படகு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். ஐ.டி. வேலைக்குக் காக்கநாடு போகிறவர் அரை மணிக்குள் அக்கரையில் இருப்பார்; கரையில் சிக்னலில் நிற்கிறவர் வயிறு எரியும்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நெடும்பாசேரி விமான நிலையத்தை 2015-லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றி, சோலார் பலகைகளுக்கு அடியில் காய்கறியும் போடுகிற வட்டாரம்தான் இது. ஆனால் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, 2023 மார்ச்சில், பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பத்து நாளுக்கும் மேல் புகைந்தது. நகரமே முகக்கவசம் மாட்டிக்கொண்டது. பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் போட்டது. படகுக்கு மூளையைக் கசக்கிய ஊர் குப்பைக்கும் கொஞ்சம் கசக்கியிருக்கலாம்.

கோபத்தோடு பசியும் வந்துவிட்டதா? எர்ணாகுளம் நார்த் பக்கம் ‘சம்ருத்தி’ இருக்கிறது. 10 ரூபாய்க்குச் சாப்பாடு என்று மாநகராட்சி 2021-ல் தொடங்கியது. நம் அம்மா உணவகம் ஞாபகம் வருகிறதல்லவா? அடுப்படி குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கையில். பொரித்த மீன் வேண்டுமென்றால் காசு தனி, அதுதானே கொச்சி!

சாப்பிட்டாச்சா? படகுக்குத் திரும்புவோம். வாட்டர் மெட்ரோ திட்டத்தில் எழுதியிருப்பது 78 படகு, 38 ஜெட்டி, பத்துத் தீவு. அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. மட்டாஞ்சேரி, வில்லிங்டன் தீவு ஜெட்டிகள் திறக்கவே 2025 அக்டோபர் ஆனது. ‘எப்போ வரும் எங்க ஊருக்கு’ என்று கேட்டுக் கேட்டுத் தீவுக்காரர்கள் அலுத்துப்போயிருப்பார்கள், நியாயம்தான்.

நீங்கள் போனால் ஹைகோர்ட்டிலிருந்து ஃபோர்ட் கொச்சிப் படகைப் பிடியுங்கள். வலதுபக்க ஜன்னலை விட்டுவிடாதீர்கள்: போல்காட்டி, வல்லார்பாடம் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள், பிறகு வைப்பின் என்று வரிசையாக வரும். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.